சுவரைச் சுரண்டுமுன் வீட்டிலுள்ள நோயாளியை எண்ணுங்கள்

மார்கழி பாதி கடந்துவிட்டால் ஆலங்குடியிலும் அதைச் சுற்றியுள்ள கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், திருவரங்குளம் போன்ற ஊர்களிலும் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. வெள்ளையடிப்பதற்கு முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாள்களைக் கிழித்து, உரிந்து தொங்கும் பழைய பூச்சைச் சுரண்டி, சுவரைச் சுத்தமாக்க வேண்டும். அந்த முன்வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

நுரையீரல் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் என்ற முறையில் இதில் எங்களுக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. சுவரில் ஒட்டிய பழைய தாளை அகற்றத் தண்ணீரும் சிறிது சோப்பும் பொறுமையும் போதும். தின்னர், ஆசிட், மண்ணெண்ணெய் ஆகியவை அதற்குத் தேவையில்லை. நோயாளி வசிக்கும் வீட்டிற்குள் அவற்றைக் கொண்டுவரவே கூடாது. மேலும், இந்த வேலையைப் பொங்கலுக்கு முந்தைய அவசர நாள்களிலிருந்து பிரித்து, மாசி, பங்குனி மாதங்களுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இவ்வாறு கூறுவதற்கான காரணங்களையும், வேலையைச் செய்யும் முறையையும் ஒவ்வொன்றாக விளக்குகிறோம்.

நம் சுவர்களில் இருப்பது என்ன?

சுவர்த்தாள் என்றவுடன் நகரத்து மாடிவீடுகளே பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் நம் பகுதி வீடுகளில் சுவரில் தாள் ஒட்டும் வழக்கம் பழையது. ஓட்டு வீடுகளிலும் மண்சுவர் வீடுகளிலும் சுவர் உதிராமலிருக்கச் செய்தித்தாள்களையும், ஆண்டு முடிந்த நாள்காட்டிகளின் சாமி படங்களையும் மைதா மாவுப் பசை காய்ச்சி ஒட்டிவைத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து அடுக்குகள் சேர்ந்த சுவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் கான்கிரீட் வீடுகளின் வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் பூப்போட்ட பிளாஸ்டிக் தாள்களும், பின்புறத்தில் பசை தடவப்பட்ட ஸ்டிக்கர் தாள்களும் இடம்பிடித்திருக்கின்றன. ஓதம் ஏறிய சுவரின் கறையை மறைக்கவே இவை பெரும்பாலும் ஒட்டப்படுகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் மாவட்டத்திற்கு மழை மிகுதியாக ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஆலங்குடி வட்டாரத்தைப் புரட்டிப்போட்டபோது ஓடும் கூரையும் பறந்து, நனைந்து நின்ற சுவர்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். புயல் இல்லாத ஆண்டிலும் சுவர் ஓரளவு ஈரத்தைக் குடிக்கவே செய்கிறது. சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவர் அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் தாளையோ எண்ணெய் வண்ணத்தையோ பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். தாளுக்குப் பின்னால் இருட்டு, ஈரம், உணவாக மாவுப்பசை ஆகிய மூன்றும் கிடைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே மார்கழியில் ஒரு பழைய தாளைப் படபடவென்று கிழிக்கும்போது, மழைக்காலம் முழுவதும் அதன் பின்னால் வளர்ந்த பூஞ்சையின் வித்துகள் ஒரே நேரத்தில் அறைக்குள் பறக்கின்றன. அதே மாதத்தில்தான் பனியும் குளிரும் இரைப்பு நோயாளிகளை வாட்டுகின்றன. அதே மாதத்தில்தான் சன்னல்களை மூடிவைக்கிறோம். இந்த மூன்றும் ஒருசேர வருவதால், வீட்டுச் சுவரைச் சுத்தம் செய்த மறுநாளே இளைப்பு மிகுந்து மருத்துவமனைக்கு வர நேர்ந்தால் அதில் வியப்பில்லை.

நெடி மிகுந்தால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை

மூக்கைத் துளைக்கும் நெடி உள்ள பொருளே அழுக்கை அகற்றும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். இந்த நம்பிக்கை சுவர்த்தாளைப் பொறுத்தவரை முற்றிலும் தவறானது. தாளைப் பிடித்திருப்பது பெரும்பாலும் மாவுப்பசை. மாவு தண்ணீரில் ஊறும், குழையும். மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ அது கரைவதில்லை. காய்ந்த சோற்றுப்பருக்கை ஒட்டிய பாத்திரத்தை நம் வீட்டுப் பெண்கள் மண்ணெண்ணெய் ஊற்றியா கழுவுகிறார்கள்? தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறார்கள். சுவருக்கும் அதுவே விதி.

பயனில்லாத பொருளாக மட்டும் இருந்தால் பணம்தான் வீண் என்று விட்டுவிடலாம். இவை ஒவ்வொன்றும் செய்யும் தீங்கு வேறு வேறானது.

தின்னரும் டர்பன்டைனும் காற்றில் விரைந்து ஆவியாகும். அந்த ஆவி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டிச் சுருங்கச் செய்யும். தலைச்சுற்றலையும் வாந்தியையும் உண்டாக்கும். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையை ஒட்டிப் பரவி, அடுத்த அறையிலுள்ள அடுப்பையோ பூசையறை விளக்கையோ எட்டித் தீப்பற்றக்கூடும். வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் நோயாளிக்கு அருகில் இவற்றைத் திறப்பது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும்.

கடைகளில் வண்ணம் அகற்றும் திரவமாக விற்கப்படுபவற்றில் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு என்னும் பொருள் இருக்கும். மூச்சின் வழியே உடலுக்குள் செல்லும்போது இதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்துசெல்லும் ஆற்றலை அது குறைக்கிறது. இதயநோய் உள்ளவருக்கு இது நெஞ்சுவலியையும் மாரடைப்பையும் வரவழைக்கலாம். மூடிய அறையில் இதைப் பயன்படுத்தி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. வண்ணம் அகற்றுவதற்காக இப்பொருளைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்க அரசு 2019ஆம் ஆண்டில் தடைசெய்தது.

கழிப்பறை கழுவும் ஆசிட் சுவரின் சுண்ணாம்பையே அரித்துவிடும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று மகிழ்கிறோம். உண்மையில் கரைந்துபோவது சுவர். செட்டிநாட்டுப் பாணியில் வழவழப்பாகச் சுண்ணாம்பு பூசிய பழைய வீடுகள் நம் மாவட்டத்திலும் உள்ளன. அத்தகைய சுவரில் ஆசிட் ஊற்றினால் அந்தப் பளபளப்பை மீட்கவே முடியாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டில், முதல் உலகப்போரின்போது, பெல்ஜியத்தில் படைவீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அதுவே. அதை நம் குளியலறையில் நாமே தயாரிக்க வேண்டியதில்லை.

மண்ணெண்ணெயின் தீங்கு வேறு வழியில் வருகிறது. வேலைக்காக அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றிச் சுவரோரமாக வைப்பார்கள். தாகத்தோடு வரும் குழந்தை தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிடும். சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் கடுமையான நிமோனியா உண்டாகும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியோடு அது மறுமுறையும் நுரையீரலுக்குள் செல்லும். குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

சுவரே நஞ்சான வரலாறு

வீட்டுச் சுவருக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை உலகம் அறிந்துகொண்டது சுவர்த்தாளின் மூலமாகவே என்று கூறலாம். 1775ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே அழகிய பச்சை நிறமி ஒன்றைக் கண்டறிந்தார். அதில் இருந்தது செம்பும் ஆர்சனிக்கும். ஆர்சனிக் கலந்த பச்சை நிறமிகளால் அச்சிட்ட சுவர்த்தாள்கள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளை நிறைத்தன. அந்த அறைகளில் உறங்கியவர்கள் காரணம் தெரியாமல் நோயுற்றார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் இராபர்ட் கெட்சி, 1874ஆம் ஆண்டில் அத்தகைய தாள்களின் மாதிரிகளையே பக்கங்களாகக் கட்டிப் புத்தகமாக்கி, மக்களை எச்சரிப்பதற்காக அம்மாநில நூலகங்களுக்கு அனுப்பினார். புத்தகமே நஞ்சு என்பதால் பல பிரதிகள் பின்னர் அழிக்கப்பட்டன.

இத்தாலிய மருத்துவர் கோசியோ 1890களில் இன்னொன்றைக் காட்டினார். ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை அந்த ஆர்சனிக்கை வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகிறது என்பதே அது. அக்காலத்து நோய்களுக்கு அந்த வாயு எவ்வளவு தூரம் காரணம் என்பதில் பிற்கால ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உதிர்ந்த தூசியே போதிய நஞ்சு என்பதில் ஐயமில்லை.

நம் வீட்டுத் தாள்களில் அந்தப் பச்சை இல்லை. அதற்கு நிகரான இன்னொன்று நம் சுவர்களிலும், அதைவிட மிகுதியாகக் கதவு, சன்னல்களிலும் இருக்கக்கூடும். அது ஈயம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் வண்ணங்களில் நீண்டகாலமாக ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டு வந்தன. இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டு, வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய எனாமல் எதுவாயினும் ஈயம் இருக்கிறது என்றே கருதி நடப்பது நல்லது.

உப்புத்தாள் கொண்டு உலர்ந்த நிலையில் அதைத் தேய்த்தால் ஈயம் தூசியாகித் தரையில் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் அது குறைக்கும். பாதுகாப்பான அளவு என்று ஈயத்திற்கு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே உரியாமல் உறுதியாக இருக்கும் பழைய எனாமலை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதிய வண்ணம் பூசுவதே சிறந்தது. உரிந்த இடத்தை மட்டும் நனைத்துச் சுரண்ட வேண்டும். நெருப்பு காட்டி உரிக்கவே கூடாது.

தண்ணீரால் தாளை அகற்றும் முறை

முதலில் அறையைக் காலி செய்யுங்கள். பாய், தலையணை, துணி, மருந்துகள், மூச்சு மருந்துக் கருவி ஆகியவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். நகர்த்த முடியாத பீரோவைப் பழைய சேலையால் அல்லாமல் பாலித்தீன் விரிப்பால் மூடுங்கள். துணியினூடே நுண்தூசி புகும். அந்த அறையின் மின்சாரத்தை மெயின் சுவிட்சில் நிறுத்துங்கள். சுவிட்ச் பலகைகளைப் பாலித்தீன் கொண்டு மூடி நாடா ஒட்டுங்கள். தண்ணீர் முறையில் உள்ள பெரிய ஆபத்து மின்சாரமே.

ஒரு வாளியில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் இரண்டு கரண்டி கலந்துகொள்ளுங்கள். தாளுக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதற்குச் சோப்பு துணைசெய்யும். ஸ்பாஞ்சு அல்லது பழைய துணியால் ஒரு கை அகலப் பகுதியாக, மேலிருந்து கீழாக நனையுங்கள். 15 முதல் 20 நிமிடம் காத்திருந்து மறுபடியும் நனையுங்கள். பிறகு பட்டிக் கத்தியையோ, பயன்படாத தோசைத் திருப்பியையோ சுவரோடு சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் தாள் சுருளாக வந்துவிடும். வராத இடத்தில் வலிமையைக் கூட்டாதீர்கள்; மறுபடி நனையுங்கள். அந்தத் தோசைத் திருப்பி பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் தண்ணீர் இறங்காது. அதன் மேல்தோலை ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்துவிட்டு, அடியில் நிற்கும் காகிதத்தை மேற்கூறியவாறு நனைக்க வேண்டும். ஸ்டிக்கர் தாளுக்குத் தலைமுடி உலர்த்தும் கருவியின் மிதமான சூடு உதவும். சூடேறிய பகுதியைச் சுவரை ஒட்டியவாறே, மெதுவாக இழுக்க வேண்டும். இதற்கு மட்டும் மின்சாரம் தேவைப்படும். ஆகவே ஈரவேலையைத் தொடங்குமுன் இதை முடித்துவிடுங்கள். எஞ்சிய பிசினில் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் கழித்துத் துடைத்து, சோப்பு நீரால் கழுவலாம். வெள்ளையடித்த சுவரில் எண்ணெய் கறைபிடிக்கும்; அங்கே எண்ணெயைத் தவிர்த்து நனைத்துச் சுரண்டுவதே வழி.

மண்சுவர் வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்சுவரை ஊறவைத்தால் சுவரே கரையும். ஈரத்துணியால் ஒற்றித் தளர்ந்த தாளை மட்டும் எடுங்கள். உறுதியாக ஒட்டியிருப்பதை அப்படியே விட்டு அதன்மேல் சுண்ணாம்பு அடியுங்கள். எல்லாவற்றையும் அகற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வினிகர் கலக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாவுப்பசைக்கு அது தேவையில்லை. அதன் நெடி சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் அதுவும் குளோரினை வெளிப்படுத்தும். சமையலறைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

தாளுக்குப் பின்னால் கருப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். சோப்பு நீரால் நனைத்துத் துடையுங்கள். பூஞ்சை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அனுபவமுள்ள பணியாளரிடம் விட்டுவிடுங்கள். கூரை ஒழுக்கையோ சுவரில் ஏறும் ஓதத்தையோ சரிசெய்யாமல் புதிய தாள் ஒட்டினால் அடுத்த மழையில் பூஞ்சை திரும்பிவரும்.

வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உரித்த தாளைச் சாக்கில் கட்டி அன்றே அகற்றுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். ஆகவே ஆடு, மாடு தின்னும்படி அதைத் தெருவில் போடாதீர்கள். மயில்துத்தத்தில் உள்ள செம்பு, குறிப்பாகச் செம்மறியாட்டுக்கு நஞ்சு. போகி நெருப்பிலும் இடாதீர்கள். பிளாஸ்டிக் தாள் எரியும்போது வரும் புகையில் அமில ஆவியும் டையாக்சின் என்னும் நச்சுப்பொருளும் இருக்கும். அந்தப் புகை நம் தெருவிலுள்ள எல்லா நோயாளிகளையும் சென்றடையும்.

தாளை அகற்றிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். எண்ணெய், நெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாமல், ஓடும் தண்ணீரில் அரைமணி நேரமாவது இடைவிடாது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

யார் விலகியிருக்க வேண்டும்?

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உள்ளவர்கள், காசநோய்க்கு மருந்து உண்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்கள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள் ஆகியோர் வேலை நடக்கும் வீட்டில் இருக்கக் கூடாது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குச் சுவர்த்தூசியிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கும். உறவினர் வீட்டில் இரண்டு, மூன்று நாள் தங்கி, அறையைத் துடைத்து, சுவர் உலர்ந்த பிறகு திரும்பி வரட்டும். போகும்போது அன்றாட மருந்துகளையும் இன்ஹேலரையும் மறவாமல் எடுத்துச் செல்லட்டும். வேறு வீட்டுக்குப் போக வழியில்லையெனில், வேலை நடக்கும் அறையின் கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி வைத்து, நோயாளியைக் காற்று வரும் பக்கத்து அறையிலோ திண்ணையிலோ இருக்கச் செய்யுங்கள்.

வேலை செய்பவர் முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் வேண்டும். இன்ஹேலர் இழுத்தும் மூச்சுத் திணறல் தணியவில்லை, ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

மறுப்புகளுக்கு எங்கள் மறுமொழி

இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. தண்ணீர் முறையில் ஒருநாள் வேலை இரண்டு நாள் ஆகலாம். ஆள்கூலி கூடும். அன்றாடம் உழைத்து வாழும் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று என்பதை அறிவோம். ஆனால் இளைப்பு மிகுந்த ஒருவர் மருத்துவமனையில் நான்கு நாள் படுத்தால், அவருக்கும் உடனிருப்பவருக்கும் போகும் கூலி எட்டு நாள் கூலி. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தாலும் அந்த எட்டு நாள் திரும்பி வராது.

வண்ணம் பூசும் பணியாளர்கள் தங்களுக்குப் பழகிய முறையைத்தான் செய்வார்கள் என்பது இன்னொரு மறுப்பு. விரைவாக முடிக்கச் சொல்லி நெருக்குவது வீட்டுக்காரர்களாகிய நாம்தான். ஒரு வீட்டில் நாம் இரண்டு நாள் சுவாசிக்கும் தூசியையும் ஆவியையும் அவர்கள் ஆண்டு முழுவதும் சுவாசிக்கிறார்கள். தண்ணீரால் செய்யுங்கள், ஒருநாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு முகக்கவசத்தையும் கையில் கொடுப்பது அவர்களுடைய நுரையீரலுக்கும் நாம் செய்யும் நன்மை.

இந்த நெருக்கடியின் வேர் நாள்காட்டியில் இருக்கிறது. பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்ற கெடுவே ஆசிட் புட்டியைத் திறக்க வைக்கிறது. பொங்கலுக்கு வீடு புதுமையாக வேண்டும் என்பது நம் பண்பாடு. அதில் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. வெள்ளையடிப்பதையும் தோரணம் கட்டுவதையும் பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம். தாளைக் கிழிப்பதையும் பழைய பூச்சைச் சுரண்டுவதையும் மாசி, பங்குனிக்குத் தள்ளுவோம். அப்போது மழையில்லை, பனி குறைந்துவிடும், சுவர் உலர்ந்திருக்கும், கதவையும் சன்னலையும் திறந்துவைக்கலாம், நனைத்த சுவர் விரைவில் காயும். நோயாளியும் திண்ணையில் உறங்கலாம். வேலைநெருக்கடி குறைந்த காலமாதலால் ஆளும் எளிதில் கிடைப்பார். பொங்கலுக்கு முன் தாள் அசிங்கமாகத் தெரிகிறது என்றால், கிழிந்து தொங்கும் ஓரத்தைச் சிறிது பசை தடவி அழுத்திவிட்டு இரண்டு மாதம் பொறுக்கலாம்.

மருத்துவமனையில் நாங்கள் காய்ச்சலையும் சளியையும் பற்றிக் கேட்பதுபோலவே வீட்டுச் சுவரைப் பற்றியும் கேட்பதுண்டு. எதற்காக இந்தக் கேள்வி என்று சிலர் வியப்பதும் உண்டு. அடுத்தமுறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: வீட்டில் ஓதம் இருக்கிறதா, தாள் ஒட்டியிருக்கிறதா, எந்த மாதத்தில் அதை அகற்ற எண்ணியிருக்கிறீர்கள் என்று. நோயாளி எத்தனை நாள் வெளியே தங்க வேண்டும், இன்ஹேலர் அளவை அந்த நாள்களில் மாற்ற வேண்டுமா என்பதை முன்கூட்டியே சேர்ந்து முடிவு செய்து, மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருகிறோம்.